ராபர்ட்ஸ் ஒருவரின் பதக்கம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘காபூல் - கந்தஹார் நட்சத்திரம்’ என்ற பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். படமும் அருமை. ஆனால் அதன் கீழே ‘தளபதி ராபர்ட்ஸின் பதக்கம்’ என்று மட்டும் போட்டிருந்தது உறுத்தியது. காபூலிலிருந்து கந்தஹாருக்கு அவரோடு நடந்த படை முழுவதற்கும் கொடுத்த பதக்கம் அது.

1880 ஜூலை 27 அன்று ஆப்கானிஸ்தானின் மைவந்தில் பிரிட்டிஷ் படையை நொறுக்கிய ஆப்கன் இளவரசர் அயூப் கான், அப்புறம் கந்தஹாரை முற்றுகையிட்டார். அதை மீட்க ஆகஸ்ட் இரண்டாவது வாரம் காபூலிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ், 31-ஆம் தேதி கந்தஹார் போய்ச் சேர்ந்தார். தூரம் சுமார் 500 கிலோமீட்டர். சக்கர வண்டியே கிடையாது. பீரங்கிகள் கோவேறு கழுதைகளின் முதுகில் வந்தன. படையில் இருந்த சுமார் 10,000 பேரில் ஏறக்குறைய 7,000 பேர் சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபியர் என்று இந்திய ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். செப்டம்பர் 1 அன்று நடந்த போரில் அயூப் கானிடமிருந்து பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தில்தான் இந்த நட்சத்திரத்தை வார்த்தார்கள்.

வொனோலெல் என்ற குதிரையைப் பற்றிக் கட்டுரையில் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். ராபர்ட்ஸின் அந்த அரபுக் குதிரைக்கு விக்டோரியா மகாராணி இதே நட்சத்திரத்தை அளித்தது உண்மைதான். டப்ளினில் அதற்குக் கல்லறைகூட இருக்கிறது. சரி, ஆனால் பயணத்தின் கடைசி நாட்களில் ராபர்ட்ஸ் காய்ச்சலில் விழுந்து, குதிரையில் ஏற முடியாமல் டோலியில் போனார். ஒரு தளபதி இப்படிப் போவது அவமானம் என்று அவரே தன் நினைவுக் குறிப்புகளில் வருந்துகிறார். அந்த வெயிலில் அவரைத் தோளில் சுமந்தவர்கள் யார்? படையோடு சமையலுக்கும் சுமைக்கும் டோலி தூக்கவும் வந்த பணியாட்கள் மட்டும் சுமார் 8,000 பேர். குதிரைக்கு இரண்டு பத்தி ஒதுக்கிய கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரி இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

அடுத்த முறை இந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தையும் அச்சிடுங்கள். வாங்கியவரின் பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் பொறித்திருக்கும். ஒரு சீக்கியச் சிப்பாயின் பெயருள்ள நட்சத்திரம் கிடைத்தால், அதையே பெரிய படமாகப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி