கொடுங்கைக்குக் கீழே ஒரு பள்ளம்

பழைய நகர மையங்களில் கட்டட அனுமதி வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம். 'பாரம்பரியத் தோற்றம்' என்ற சொல் உங்கள் விதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தோற்றம் எந்த வேலைக்காக உருவானது என்ற கேள்வியைத்தான் காணோம்.

பழைய கட்டடம் ஒன்றின் கொடுங்கைக்கு, அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் விளிம்புக்கு, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். விளிம்பை ஒட்டி, விரல் நுழையும் அகலத்தில் ஒரு பள்ளம் ஓடும். மழைநீர் அதைத் தாண்டிச் சுவருக்கு வர முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். புதுப்பித்த கட்டடங்களில் அதே கொடுங்கையை ஃபைபரில் வார்த்து ஒட்டுகிறார்கள். பூவேலை அப்படியே இருக்கிறது, பள்ளம்தான் இல்லை. சில மழைக்காலங்களிலேயே சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கிவிடுகின்றன.

ஜன்னலும் அப்படித்தான். செங்கல் சுவரில் அகலமாகத் திறப்பது கடினம்; அதனால் ஜன்னல் ஒடுங்கியது. வெளிச்சம் அறையின் உட்கோடி வரை எட்ட வேண்டும், அதனால் உயர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்களை அடுக்கினால் இடைப்பட்ட சுவர் மாடிகளின் சுமையை நேராக அடித்தளத்துக்கு இறக்கும். அந்தச் சுவரைத் தரைத்தளத்தில் இடித்துக் கண்ணாடி பதிக்க நீங்கள் அனுமதித்த இடங்களில் மேல்மாடிகள் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிகின்றன. (உள்ளே இரும்பு உத்தரம் தாங்குகிறது என்பீர்கள். கண்ணுக்கு அது தெரியாதே.)

எனக்குப் பொறுக்கவே முடியாதது சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அந்தச் சுவர்மேல் சிமென்ட்டை அப்பினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்கிறது. உறுதிக்காகப் பூசியதாகச் சொல்வார்கள்!

1288இல் இத்தாலியின் பொலோனா நகரம், புது வீடு கட்டுவோர் தெருவோரத்தில் தூண் தாழ்வாரம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. தெருவுக்கு வீடு என்ன தர வேண்டும் என்பதே அந்த விதியின் அக்கறை. இன்று அங்கே சுமார் 62 கிலோமீட்டர் தாழ்வாரம் நிற்கிறது. 2021இல் அதன் தேர்ந்தெடுத்த பகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின.

பழையதை அச்சடித்ததுபோல் நகலெடுக்கும்படி நான் கேட்கவில்லை. இழந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து வேறு என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே சொல்கிறது. நான் கேட்பது ஒன்றே: அடுத்த விண்ணப்பத்தில் முகப்பு வரைபடத்தோடு சுவரின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுங்கையின் கீழ்ப்புறம் அதில் தெரியட்டும்.

இப்படிக்கு,
அண்ணாந்து பார்த்தே நடக்கும் ஒருவர்