ஊரடங்குக்க நிண்டுபோன கிட்னி

ஆசிரியருக்கு வணக்கம்,

அடுத்த பெருந்தொற்று வந்தா என்ன செய்யிறது எண்டு இப்பவும் ஆக்கள் எழுதுகினம், ஆனா கிட்னி மாத்தக் காத்திருந்த சனத்தைப் பற்றி ஒருதரும் எழுதினதா நான் காணேல்லை, அதுதான் நான் எழுதுறன், பிழை கிடந்தா திருத்திப் போடுங்கோ.

எங்கட அத்தானுக்கு 2019இல ரெண்டு கிட்னியும் ஏலாமப் போட்டுது. வவுனியாப் பக்கம் உந்த வருத்தம் புதிசில்லை, சீனி பிரஷர் ஒண்டுமில்லாத வயல்காரருக்கும் வருது, அது வேற கதை. அக்கா தன்ர கிட்னியைத் தாறன் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டா. ரத்த குறூப் சரி, திசுவும் பொருந்திச்சு, ஒப்பரேஷனுக்குத் திகதியும் தந்தாச்சு, 2020 ஏப்ரல். மார்ச் 20 ஊரடங்கு போட்டதோட எல்லாம் நிண்டுது. கோல் எடுத்தா "இது அவசரம் இல்லை, பிறகு கூப்பிடுறம்".

டொக்டர்மாரில பிழை சொல்ல மாட்டன். புதுக் கிட்னியை உடம்பு தள்ளாம இருக்க எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கிற குளிசை குடுக்க வேணும், அந்த நேரம் கொரோனா பிடிச்சா ஆள் தப்புறது கஷ்டம். உலகம் முழுக்க அப்ப கன இடத்தில நிப்பாட்டினவை. மூளைச்சாவு அடைஞ்ச ஆக்களிட்ட இருந்து உறுப்பு எடுக்கிறதும் குறைஞ்சுது, ரோட்டில வாகனம் இல்லாட்டி விபத்தும் குறைவுதானே (அதுக்காக அழவா ஏலும்), இருக்கிற ஐசியூ கட்டிலும் கொவிட்டுக்குப் போட்டுது. அமெரிக்காவில மிச்சிகன்ல மூக்கில எடுத்த ரெஸ்ட் நெகட்டிவ் எண்டு நம்பி மூளைச்சாவு அடைஞ்ச ஒரு அம்மாவின்ர நுரையீரலை எடுத்து இன்னொரு பொம்பிளைக்கு வைச்சு, வாங்கினவவுக்கு அதாலயே கொரோனா வந்து 61ஆம் நாள் செத்துப்போனா, ஒப்பரேஷன் செய்த டொக்டருக்கும் தொத்திச்சு. பயத்தில நியாயம் இருக்கு.

ஆனா காத்திருக்கிறது எண்டா சும்மா இருக்கிறது இல்லை. நெடுங்கேணியில இருந்து கிழமைக்கு ரெண்டு தரம் வவுனியாவுக்கு டயாலிசிஸுக்குப் போக வேணும், மெஷின்ல நாலு மணித்தியாலம். பஸ் இல்லை, ஓட்டோதான், அதுக்குப் பாஸ், கிராம சேவகரின்ர கடிதம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு சொப்பிங் பையுக்க. ஒருநாள் வழியில மறிச்ச பொடியன் ஒருத்தன் கடிதத்தை வாசிச்சும் விளங்காம நிக்க, அத்தான் சட்டைக் கையை உருட்டி ஊசி போட நரம்பைச் சேர்த்துத் தைச்ச இடத்தைக் காட்டினார், கயிறு மாதிரிப் புடைச்சுக் கிடக்கும். "தொட்டுப் பார் தம்பி" எண்டார். தொட்டவன் உள்ளுக்க கிர்ர் எண்டு அதிருறதுக்குத் திடுக்கிட்டுக் கையை எடுத்திட்டான். "போங்கோ ஐயா, போங்கோ." அந்தக் காலத்தில ஒருத்தரை ஒருத்தர் தொட்டதே பெரிசு.

அதுக்க அத்தானுக்கு ரத்தம் குறைஞ்சு ரெண்டு பைண்ட் ஏத்தினவை. எங்களுக்கு அப்ப தெரியாது, ரத்தம் ஏத்தினா உடம்பு பிறத்தியாற்ற திசுவுக்கு எதிரா பிறபொருளெதிரி (அன்ரிபொடி) உண்டாக்கலாமாம், முந்திப் பொருந்தின கிட்னி பிறகு பொருந்தாமலும் போகலாமாம். திரும்பச் சோதிச்சு றிப்போட் வரும் வரைக்கும் அக்கா ஒழுங்காச் சாப்பிடேல்லை. நல்லகாலம், பொருந்திச்சு. ஒப்பரேஷன் நடந்தது 2021 கார்த்திகையில, ஒண்டரை வருசத்துக்கும் மேல பிந்தி. அத்தானோட ஒரே அறையில மெஷின்ல கிடந்த மூண்டு பேர் அதுக்கிடையில இல்லை.

அடுத்த தரம் தொற்று வந்தா எண்டு நான் கேக்கிறது பெரிய விசயமில்லை. உயிரோட இருக்கிற சொந்தக்காரர் குடுக்க நிக்கிற கேஸுகளை "அவசரம் இல்லை" எண்ட பெட்டியில போடாம, கொவிட் ஆக்கள் வராத ஒரு ஆஸ்பத்திரியை மாகாணத்துக்கு ஒண்டாவது ஒதுக்கேலாதோ. டயாலிசிஸ் ஆக்களுக்கு ஒரே பாஸ், ஒவ்வொரு தரமும் கடிதத்துக்கு அலையிறேல்லை. 2020இல கிளினிக் மருந்தை தபால்காரர் வீட்ட கொண்டந்து தந்தவர், அது எவ்வளவு வடிவான வேலை, அதை ஏன் விட்டவை.

மற்றது, எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கிற அந்தக் குளிசையால கிட்னி மாத்தின ஆக்களுக்குக் கொரோனாத் தடுப்பூசியும் ஒழுங்காப் பிடிக்காது, அமெரிக்காவில உறுப்பு மாத்தின 658 பேரைப் பாத்ததில ரெண்டு ஊசிக்குப் பிறகும் 46 வீதமான ஆக்களுக்குப் பிறபொருளெதிரி வரேல்லை. அத்தான் இப்பவும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாஸ்க்கோடதான் வருவார். "கொரோனா எப்பவோ போட்டுது அண்ணை" எண்டு பொடியள் சிரிக்க, தானும் சிரிச்சுப்போட்டு மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விடுவார்.

இப்படிக்கு,
நெடுங்கேணி வாசகர் ஒருவர்