பான்தெலிமோனில் அறை பார்த்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள செந்தில்,

புக்காரெஸ்டில் பான்தெலிமோன் பேட்டையில் அறை கிடைத்திருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகும் என்று எழுதியிருந்தாய். கூட வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததையும், பி.யு.ஜி. மாஃபியா என்ற ருமேனிய ராப் குழுவின் 'போயெஸியே தெ ஸ்த்ரதே' பாட்டைப் போட்டுக் காட்டியதையும் படித்தேன். அந்தப் பாட்டையும் அந்தக் குழுவின் வேறு சில பாட்டுகளையும் கேட்டுவிட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் தாளம் பிடித்திருந்தது. "யாரை இப்படித் திட்டுகிறார்கள்?" என்றாள் அம்மா. அதற்குப் பதில் சொல்லவே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

குழுவில் இருப்பவர்கள் டட்டாயே, காடிலாக், உஸ்ஸி. மூன்று பேரும் பான்தெலிமோன் பையன்கள். 1993-ல், பள்ளிக்கூட வயதில், குழுவைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். சௌஷெஸ்குவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகார ஆட்சி 1989 டிசம்பரில் கவிழ்ந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. 1993-ல் மட்டும் ருமேனியாவில் விலைவாசி 250 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஜனவரியில் வாங்கிய சம்பளம் டிசம்பரில் எதற்குக் காணும்? புக்காரெஸ்டின் கிழக்குப் பக்கம் முழுக்க ஆலைகள்: ரயில் எஞ்சின் செய்தது ஒன்று, இரும்புக் குழாய் செய்தது ஒன்று. அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் பத்து மாடிக் கான்கிரீட் கட்டடங்களை வரிசையாகக் கட்டினார்கள். பிறகு ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, கட்டடங்கள் மட்டும் அப்படியே நின்றன. அவற்றின் பின்பக்கம் பொழுதைக் கழித்த பிள்ளைகளின் கதையைத்தான் இவர்கள் பாடினார்கள். 1996-ல் வந்த பாட்டுத் தொகுப்பின் பெயரே 'பான்தெலிமோனில் பிறந்து வளர்ந்தவன்'. 2000-ல் வந்தது 'கட்டடங்களுக்குப் பின்னால்'. வெளியே சொல்லக் கூச்சப்படுகிற முகவரியை உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். திருட்டையும் அடிதடியையும் வீரமாகக் காட்டுகிற இடங்கள் அந்தப் பாட்டுகளில் நிறைய. மொழிபெயர்ப்பில் படித்தபோதே முகம் சுளித்தேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அமெரிக்க மேற்குக் கரை ராப்பிலிருந்து எடுத்துக்கொண்ட மிடுக்கு அதில் பாதி. இவர்கள் பாடிப் பெயர் வாங்கிவிட்டார்கள், இன்றைக்கும் மேடையேறுகிறார்கள். அதே கட்டடங்களுக்குப் பின்னால் நின்ற மற்றப் பையன்கள் எல்லோருக்கும் அப்படி அமைந்திருக்காது.

அறை விஷயம். பாட்டை வைத்துப் பயப்படாதே, அது இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய பான்தெலிமோன். ஆனால் ஊர்ப் பையன்களிடம் நெருக்கம் காட்டுவதாக நினைத்து அந்தப் பாட்டின் வசனத்தை அவர்களிடம் எடுத்துவிடவும் செய்யாதே. அவர்கள் பாடினால் அது அவர்கள் ஊர், நீ பாடினால் கிண்டல். அடுத்த வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், எந்த ஆலையில் வேலை பார்த்தார் என்று கேள். பாட்டில் வராத கதை அவரிடம் இருக்கும்.

எனக்கு உண்மையில் கவலை வேறு. அந்த நகரத்தில் வெந்நீரும் குளிர்கால வெப்பமும் பெரும்பாலான கட்டடங்களுக்கு ஊர்ப்பொதுக் குழாயில்தான் வருகிறதாம். பழைய குழாய்கள், அடிக்கடி உடைகின்றன, நாள் கணக்கில் வெந்நீர் நின்றுபோகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் தனி பாய்லர் இருக்கிறதா என்று கேட்டுவிடு. இல்லையென்றால் வாடகையைக் குறைக்கச் சொல்.

அப்பா