எங்கள் கண்ணீரோடு எங்கள் உழைப்பையும் சபையில் சொல்லுங்கள்: வன்னியின் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களே, பிரதேச சபைத் தவிசாளர்களே, உறுப்பினர்களே,

வணக்கம்.

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து 2024 நவம்பரில் 6 பேர் தெரிவானீர்கள். கிளிநொச்சி மண்ணால் வன்னி, வாக்கால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். அங்கே தெரிவானவர்களுக்கும் இந்த மடல் உரியது. 2025 மே மாதத் தேர்தலில் கரைச்சி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு என்று எங்கள் சபைகளுக்கு வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக உரியது. எங்கள் ஒழுங்கைகளில் அன்றாடம் போய்வருகிறவர்கள் நீங்கள்தான்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்தில் யார் என்ன விளைவிக்கிறார்கள், எதை எங்கே கொண்டுபோய் விற்கிறார்கள், எந்த மாதத்தில் கை இறுகும், எந்த மாதத்தில் கடன் அடைபடும் என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: இந்த மண்ணில் உழைத்து நிமிர்ந்தவர்களைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, தொழில் சொல்லிச் சபையில் பேசுங்கள். அந்தப் பேச்சு பதிவில் நிற்கட்டும்.

எங்கள் துயரத்தைப் பேசுவதை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தெருவில் அமர்ந்த தாய்மாருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. காணி விடுவிப்பு முடியவில்லை. அதை நீங்கள் பேசத்தான் வேண்டும், இன்னும் உரத்துப் பேச வேண்டும். ஆனால் பாராளுமன்றப் பதிவை மட்டும் படிக்கிற ஒருவருக்கு வன்னி என்றால் என்ன தெரியும்? அழுகிறவர்கள், இழந்தவர்கள், நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள். போரின் முடிவில் அடைபட்டிருந்த செட்டிகுளம் முகாம்களிலிருந்து ஒரு தறப்பாளும் சில தகரமும் கொண்டு திரும்பியவர்கள், பற்றை வெட்டி, கிணறு இறைத்து, காணியைத் திருத்தி, திரும்பவும் நெல்லும் கச்சானும் (நிலக்கடலை) விளைவித்தார்களே, அது அந்தப் பதிவில் எத்தனை வரி இருக்கும்? அதுவும் எங்கள் வரலாறுதான்.

முறிகண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியால் போகும் எந்த வாகனமும் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, திரும்பும்போது கையில் ஒரு கச்சான் பொதி. நீங்களும் கொழும்புக்குப் போகும்போது வாங்கியிருப்பீர்கள். அந்தக் கடைகள் பாதையோடு வாழ்ந்து பாதையோடு செத்தவை. 2002இல் பாதை திறந்தபோது நிமிர்ந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது வாகனம் நின்றது, வியாபாரமும் நின்றது. பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. போர் முடிந்து பாதை மறுபடி திறந்ததும் வந்து அடுப்பு மூட்டியவர்களில் எத்தனையோ பேர் வீட்டின் முழுப் பாரத்தையும் தனியே சுமக்கிற பெண்கள். புகையில் நின்று மணலில் கச்சான் வறுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இதைவிடப் பெரிய தொழில் முனைவு எது? ஆனால் 'தொழில் முனைவோர்' என்ற சொல்லை நீங்கள் மேடையில் சொல்லும்போது இவர்கள் யாருடைய நினைவிலும் வருவதில்லை.

சரி, ஒருநாள் அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று கதைத்துப் பாருங்கள். இந்தக் கச்சான் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். முத்தையன்கட்டுப் பக்கம், ஒட்டுசுட்டான் பக்கம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அப்புறம் அங்கே போங்கள். இரவில் பன்றி வந்து செடியைக் கிண்டிவிட்டுப் போகும் கதை வரும். யானைக்குப் பயந்து வெடி கொளுத்திக்கொண்டு விடிய விடியக் காவல் இருக்கும் கதை வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடுங்குவதால் விலை விழுவதும், வைத்து விற்கக் களஞ்சியம் இல்லாமல் வந்த விலைக்குக் கொடுப்பதும் தெரியவரும். அதாவது, ஒரு பொதி கச்சானை ஒழுங்காகப் பாராட்டுவதற்குத் தேவையான விபரத்தைத் தேடிப் போனாலே, யானை வேலி, களஞ்சியம், விதைக் கச்சான் என்று சபையில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளும் கையில் வந்துவிடும். விபரம் தெரிந்து பாராட்டுகிறவரால் வெறுமனே பாராட்டிவிட்டு உட்கார முடியாது. அதனால்தான் இதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை.

எங்கள் உறவுகள் வாழும் நாடுகளில் இதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கனடாவின் பாராளுமன்றத்தில் கேள்வி நேரத்துக்கு முன் 15 நிமிடம் உண்டு. அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் வரை பேசலாம். தொகுதியில் ஒரு கடை தொடங்கிப் பல ஆண்டு நிறைந்தது, ஒரு தாதி ஓய்வு பெற்றார், ஒரு பாடசாலை வென்றது என்றெல்லாம் அங்கே கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டசபையிலும் சமூகத்தில் நற்பணி செய்தவர்களை, சாதித்தவர்களைப் பதிவு செய்யத் தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கேயும் வாக்குக் கணக்கு இருக்கும்தான். ஆனாலும் ஒரு சாதாரண மனிதரின் உழைப்பு நாட்டின் அதிகாரபூர்வப் பதிவில் ஏறுகிறது. அப்படிப் பேசப்பட்ட காணொளியை வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு அனுப்பி, 'எங்கட ஆளைப் பற்றிப் பாராளுமன்றத்தில் சொன்னவை' என்று மகிழ்கிறார்கள். புலம்பெயர்ந்த தமிழருக்கு அந்நிய மண்ணில் கிடைக்கிற அந்த மரியாதை முறிகண்டியில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இங்கே நடப்பது பெரும்பாலும் வேறு. விழா வைக்கிறவர்கள் கௌரவிக்க வேண்டும். வருகிற விருந்தினர் கௌரவிக்கப்பட வேண்டும். ஒரு மாதர் சங்கத்தின் சிறிய உற்பத்தி நிலையம் திறந்த நாளில் நானும் நின்றேன். மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு, பாண்ட் வாத்தியம், மதியச் சாப்பாடு என்று அந்தப் பெண்கள் செலவழித்தது அவர்களின் மூலதனத்தில் பெரிய பங்கு. விருந்தினர் பிந்தி வந்தார். நாடா வெட்டினார். அரசியல் பேசினார். அவர்கள் இடித்துப் பொதி செய்து அடுக்கி வைத்திருந்த மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் திரும்பிப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. படம் எடுக்கும்போது அவர் நடுவில், பெண்கள் ஓரத்தில். அடுத்த நாள் செய்தியிலும் அவர் பெயர்தான் இருந்தது. அந்தச் சங்கத்தலைவியின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

'இந்தப் பண்டங்களை இவர்கள் இன்ன ஊரில் செய்கிறார்கள், இன்ன இடத்தில் வாங்கலாம்' என்று சபையில் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அது பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்டில் அச்சாகும். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து வங்கி முகாமையாளரிடம் காட்டலாம், கொழும்பில் பெரிய கடைக்காரரிடம் காட்டலாம். எழுத்தில் இருக்கும் ஒரு நல்ல சொல் சின்ன உற்பத்தியாளருக்கு எவ்வளவு உதவும் என்பது கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எனக்குத் தெரியும். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று நீங்களும் பேசியிருக்கிறீர்கள். 2018இல் ஒரு பகுதிக் கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது அது. நியாயமான வட்டியில் வங்கிக் கடன் கிடைப்பதற்கு, 'இவர் நம்பத்தகுந்தவர், இவருடைய தொழில் உண்மையானது' என்று பொறுப்பான ஒருவர் சொல்வது பெரிய துணை.

ஆனால் பாராட்டப் போகும் இடத்தில் அக்கம்பக்கமும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். கடலட்டைப் பண்ணையால் அந்நியச் செலாவணி வருகிறது என்று புகழ்ந்தவர்கள் பலர். 2022இல் பூநகரியின் கிராஞ்சியில் சிறு மீனவர்கள் அதே பண்ணைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். களங்கட்டி, வலை போட்டுத் தொழில் செய்கிறவனுக்குக் கடலில் இடம் குறைந்தால் அது யாருடைய வளர்ச்சி? அதேபோல ஆனையிறவு. 2025இல் அங்கே புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போர் தின்ற உப்பளம் அது. அதிலிருந்து பொதி செய்த உப்பு வெளியே வருவது சாதாரண விடயமா? ஆனால் அதே ஆண்டிலேயே அங்கு வேலை செய்கிறவர்கள் தங்கள் உரிமைகளைக் கேட்டு வாசலில் நிற்க வேண்டி வந்தது. வெயிலில் உப்பு வாருகிறவரின் கையையும் காலையும் பார்க்காமல் அந்த உப்பைப் பாராட்ட முடியாது. திறப்பு விழாவுக்குப் போன அனைவரும் அன்றைக்கும் போயிருக்க வேண்டும்.

பெரிய ஆலைகளைப் பற்றிய பேச்சு எங்கள் மேடைகளில் எப்போதும் உண்டு. போர்க்காலத்தில் நின்றுபோன பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றிப் பேசாத தேர்தல் இல்லை. பேசுங்கள், நல்லதுதான். கூடவே, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சின்ன அரிசி ஆலைகளையும் பாருங்கள். வடக்கின் மிகப் பெரிய குளமான இரணைமடுவின் கீழும், வவுனிக்குளம், அக்கராயன், கட்டுக்கரை வயல்களிலும் விளைவதில் எவ்வளவோ நெல்லாகவே லொறியில் தெற்கே போய், அரிசியாகத் திரும்பி வந்து எங்கள் கடைகளிலேயே விற்கிறது. இதற்கு நடுவில், ஊர் நெல்லை ஊரிலேயே அவித்துக் குத்தி, உமியையும் தவிட்டையும் ஊர் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுத்துவிட்டு, நான்கு பேருக்கு வேலையும் கொடுக்கிற ஆலைக்காரர் ஒருவர் தாக்குப்பிடிக்கிறார் என்றால், அவர் எப்படிச் செய்கிறார் என்று மற்ற ஊர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழில் மட்டும்தானா? மணல் ஒழுங்கைகளில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கர்ப்பிணித் தாய்மாரின் வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்குப் போய்ப் படிப்பித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இடமாற்றம் கேட்டுப் போய்விடாமல் துணுக்காயிலும் கொக்கிளாயிலும் வேரூன்றியவர்கள் இருக்கிறார்கள். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிற அண்ணாவிமார் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஓய்வு பெறும் நாளில் ஒரு பிரியாவிடை விருந்து மட்டும்தான் மிஞ்சுகிறது.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது ஊரே கொண்டாடியது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் எங்கள் மாவட்டத்திலிருந்து போய் ஆசியாவில் வெல்கிறார்! அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தோடு சேர்த்து, முல்லைத்தீவின் பிள்ளைகள் எந்த மைதானத்தில் ஓடுகிறார்கள், என்ன சப்பாத்தோடு ஓடுகிறார்கள் என்ற கேள்வியும் வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

செய்வது கடினமில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் கைத்தொழில், விவசாயம், கடற்றொழில், சுகாதாரம் என்று அமைச்சு அமைச்சாக நாள் வருகிறது. உங்களுக்குக் கிடைக்கும் நிமிடங்களில் ஒன்றை அந்தத் துறையில் உழைக்கும் வன்னி மனிதர் ஒருவருக்குக் கொடுங்கள். அவருடைய சம்மதம் கேட்டு, அவர் சொன்ன விபரத்தையே சொல்லுங்கள். பிரதேச சபைகளில் மாதக் கூட்டம் தொடங்கும்போது ஓர் உறுப்பினர் தன் வட்டாரத்திலிருந்து ஒருவரைப் பற்றிப் பேசி, அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, கொழும்பின் அனுமதியும் தேவையில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உத்தியோகத்தர்களைக் கடிந்துகொள்ளும் நேரத்தில் கொஞ்சம், நன்றாகச் செய்த ஓர் உத்தியோகத்தருக்கும் போகட்டும்.

தயவுசெய்து கட்சி பார்க்காதீர்கள். உங்களுக்கு வாக்குப் போடாத கடைக்காரரையும் சொல்லுங்கள். முஸ்லிம் வியாபாரியை, வவுனியாவின் சிங்கள விவசாயியை, மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களைச் சொல்லுங்கள். அவர்களுடைய வியர்வை இல்லாமல் கிளிநொச்சியின் வயல்கள் இல்லை. ஆனால் எங்கள் மேடைகளில் அவர்களின் பெயர் மிகக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறது.

நேரில் வரும்போது வேலைநாளில் வாருங்கள். மாலை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எங்கள் சனம் கடன்பட்டாவது வாங்கிவிடும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அந்தந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ விசாரியுங்கள். ஒரு பேரேடு நிறையப் பெயர் கொடுப்பார்கள். வரும் குழுநிலை விவாதத்தில் உங்களில் யார் முதலில் எழுந்து பேசப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பணியாளர் ஒருவர்