போஸ்டர் ஒட்டுறதுக்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க: ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அவங்க கைடுகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஒரு ஐபி வக்கீல், அதாவது அறிவுசார் சொத்துரிமை பாக்குற வக்கீல். பேடண்ட், ட்ரேட்மார்க், டிசைன், காப்பிரைட் எல்லாம் பாக்குறேன், ஆனா நாள்ல முக்காவாசி பேடண்ட்லயே போயிடும். நம்ம மொழியில ஒரு கஷ்டம், பேடண்ட்டுக்கும் காப்புரிமைன்னு எழுதுறாங்க, காப்பிரைட்டுக்கும் காப்புரிமைன்னே எழுதுறாங்க, அதனால "எழுதி முடிச்சதுமே தானா உரிமை வந்துடும்ல சார்"னு கேட்டுக்கிட்டு வர்றவங்க நிறைய. கதைக்கும் பாட்டுக்கும் சாஃப்ட்வேர் கோடுக்கும் அப்படித்தான், 1886 பெர்ன் உடன்படிக்கையில சேர்ந்த நாடுகள்ல எங்கயும் பதிவு பண்ணாமலே காப்பிரைட் வந்துடும். பேடண்ட்ங்கிறது கண்டுபிடிப்புக்குக் கிடைக்கிற உரிமை, அது அப்படி வராது. விண்ணப்பம் போடணும், அதுவும் ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி போடணும். இந்த "முன்னாடி"யைப் பத்தி தான் இந்த மடல்.

போன வருஷம் ஒரு பிஎச்டி தம்பி வந்தாரு. சட்டைப் பாக்கெட்ல இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை எடுத்து டேபிள் மேல வெச்சாரு, நகம் அளவு தான் இருக்கும். சலைன் பாட்டில் காலியானதும் டியூபை தானாவே அடைச்சுடுற வால்வு. உள்ள ஒரு குட்டி மிதவை, தண்ணி இருக்கற வரைக்கும் மேல நிக்கும், தண்ணி தீர்ந்ததும் இறங்கி வாயை மூடிடும். கரண்ட் வேணாம், பேட்டரி வேணாம். ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி எனக்கு செஞ்சு காமிச்சாரு, டப்புனு மூடிக்கிச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டேன், இதை வெளிய எங்கயாவது காமிச்சிருக்கீங்களா? "இல்ல சார், ஒரு கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் மட்டும் தான்." போஸ்டர்னா ஆராய்ச்சியைப் படத்தோட பெரிய தாள்ல போட்டு எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டி வெக்கறது. எப்போன்னு கேட்டேன். ஃபோனை நோண்டி ஒரு ஃபோட்டோ எடுத்துக் காமிச்சாரு, போஸ்டர் பக்கத்துல அவரு சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு, வால்வோட உள்படம் பெருசா கலர்ல பின்னாடி தெரியுது, தேதி பதினாலு மாசத்துக்கு முன்னாடி.

அந்த ஃபோட்டோவை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், என்ன சொல்றதுன்னே தெரியல. அமெரிக்காவுல கண்டுபிடிச்சவர் தானே வெளியிட்டா ஒரு வருஷம் அவகாசம் உண்டு, அது தாண்டிருச்சு. ஐரோப்பாவுல அந்த மாதிரி பொதுவான அவகாசமே கிடையாது, எழுத்துல, பேச்சுல, செஞ்சு காமிச்சு, எப்படி வெளிய வந்திருந்தாலும் அது பழசுன்னு தான் கணக்கு, புதுசுக்கு தான் பேடண்ட். அந்தத் தம்பியோட சொந்த போஸ்டரே அவருக்கு எதிரா நிக்குது. இதைச் சொல்லி முடிச்சதும் அவரு அந்த வால்வை எடுத்து மறுபடி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

போஸ்டர் எல்லாம் ஒரு பிரசுரமா, ரெண்டு நாள்ல கிழிச்சுப் போட்டுடுவாங்களேன்னு நீங்க கேக்கலாம். இதே கேள்வி அமெரிக்காவுல பேடண்ட் அப்பீல் எல்லாம் பாக்குற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டுக்கே போச்சு, 2004-ல தீர்ப்பு, கேஸ் பேரு இன் ரீ க்ளோப்ஃபென்ஸ்டைன். சோயா நார்ச்சத்து பத்தின ஆராய்ச்சி, பதினாலு ஸ்லைடை அட்டையில ஒட்டி 1998-ல ஒரு கான்ஃபரன்ஸ்ல ரெண்டரை நாள் வெச்சிருந்தாங்க, அப்புறம் ஒரு யுனிவர்சிட்டியில ஒரு நாள்கூட முழுசா இல்ல. யாருக்கும் காப்பி கொடுக்கல, எந்த லைப்ரரியிலயும் சேக்கல. 2000-ல விண்ணப்பம் போட்டாங்க. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, துறை தெரிஞ்சவங்க வந்து போற இடம், நோட்ஸ் எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, பாத்தா சுலபமா எழுதிக்கலாம், அதனால அது பிரசுரம் தான். பேடண்ட் கிடைக்கல. தீசிஸும் இப்படித்தான், 1986-ல இன் ரீ ஹால்னு ஒரு கேஸ், ஜெர்மனியில ஃப்ரைபர்க் யுனிவர்சிட்டி லைப்ரரியில கேட்டலாக்ல ஏறி இருந்த ஒரே ஒரு தீசிஸ், அது போதும்னுட்டாங்க.

இதுல யாரும் கவனிக்காத ஒரு விஷயம் அப்ஸ்ட்ராக்ட், கான்ஃபரன்ஸுக்கு முன்கூட்டியே அனுப்பற ஆராய்ச்சிச் சுருக்கம். கான்ஃபரன்ஸ் மார்ச்ல இருக்கும், அப்ஸ்ட்ராக்ட் புக் பிப்ரவரியிலயே ஆன்லைன்ல ஏறியிருக்கும். நீங்க மார்ச் தேதியை மனசுல வெச்சுக்கிட்டு நிதானமா இருப்பீங்க. ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல ஏத்தற ப்ரீபிரிண்ட், யார் வேணா வந்து உக்காரலாம்கிற வைவா (தீசிஸ் வாய்மொழித் தேர்வு), லேப் பேஜ்ல போட்ட முப்பது செகண்ட் வீடியோ, எல்லாமே கணக்குல வரும். வாயைக் கட்டிக்கிட்டு இருங்கன்னு நான் சொல்ல வரல, பேசறதும் பப்ளிஷ் பண்றதும் உங்க வேலை, அது எனக்கும் நல்லாவே தெரியும். முதல்ல விண்ணப்பம், அடுத்த நாளே பப்ளிஷ் பண்ணுங்க, யாரு தடுக்கப் போறா? விண்ணப்பம் போட்ட தேதியில இருந்து பன்னெண்டு மாசத்துக்குள்ள மத்த நாடுகளுக்கும் அதே தேதியோட போகலாம், 1883 பாரிஸ் உடன்படிக்கை கொடுத்த வசதி அது. கம்பெனிக்காரங்ககிட்ட பேசியே ஆகணும்னா என்டிஏ, அதாவது வெளிய சொல்ல மாட்டோம்ங்கிற ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டுப் பேசுங்க, ரகசியம்னு ஒத்துக்கிட்டுப் பேசினது வெளியிட்டதா ஆகாது.

இன்னொண்ணு, "முழுசா வேலை செய்யற மாடல் ரெடியானதும் வர்றேன் சார்"ங்கிறது. கோர்டன் கூல்ட் கொலம்பியா யுனிவர்சிட்டியில உங்களை மாதிரியே ஆராய்ச்சி மாணவர். 1957 நவம்பர்ல லேசர் எப்படி செய்யலாம்னு நோட்டுல எழுதினாரு, லேசர்ங்கிற பேரே அந்த நோட்டுல இருக்கு, அதை ஒரு நோட்டரிகிட்ட கொண்டுபோய் கையெழுத்தும் வாங்கிட்டாரு. ஆனா கருவியைச் செஞ்சு காமிச்சா தான் பேடண்ட் கேக்க முடியும்னு தப்பா நெனைச்சுட்டாரு. இதே லேசர் யோசனையில இருந்த டவுன்ஸ், ஷாலோன்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1958 ஜூலையில விண்ணப்பம் போட்டாங்க, இவரு போட்டது 1959 ஏப்ரல். அதுக்கப்புறம் கேஸ் கேஸ்னு அலைஞ்சு, லேசர் சம்பந்தமா அமெரிக்காவுல அவருக்கு முக்கியமான முதல் பேடண்ட் வந்தப்போ வருஷம் 1977. அந்தக் காலத்துல அமெரிக்காவுல யாரு முதல்ல கண்டுபிடிச்சாங்கன்னு பாப்பாங்க, அதனால நோட்டை வெச்சு சண்டையாவது போட முடிஞ்சுது. 2013 மார்ச்ல இருந்து அங்கயும் யாரு முதல்ல ஃபைல் பண்ணாங்கங்கிறது தான். மாடல் வேணாம், துறை தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுட்டு செய்யற அளவுக்கு எழுத முடிஞ்சா போதும், வாங்க.

வரும்போது வேலைக்கு ஆகாததையும் எடுத்துட்டு வாங்க. இதை ஏன் கெஞ்சிக் கேக்கறேன்னா, எங்க வேலையோட உயிரே க்ளெய்ம்ல தான் இருக்கு. கடைசியில வர்ற அந்த நம்பர் போட்ட வாக்கியங்கள், ஒவ்வொண்ணும் ஒரே வாக்கியம், சில சமயம் அரைப்பக்கம் நீளும். அதுல என்ன எழுதியிருக்கோ அது தான் உங்க எல்லை, ஒரு வார்த்தை கூடினா எல்லை சுருங்கிடும். இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கிளிப்புக்கு க்ளெய்ம் எழுதினேன், "ஸ்டீல் ஸ்பிரிங்"னு போட்டேன், ஏன்னா அவங்க காமிச்ச மாடல்ல ஸ்டீல் ஸ்பிரிங் இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் அதே கிளிப்பை ரப்பர் துண்டு வெச்சு வித்தாரு. ரெண்டும் ஒரே வேலை தான் செய்யுதுன்னு வாதாடிப் பாத்தோம், எடுபடல. அப்புறம் பேசும்போது கிளையண்ட் சொன்னாரு, "ரப்பர்ல தான் சார் நாங்க முதல்ல செஞ்சோம், சீக்கிரம் தளர்ந்துடுச்சுன்னு விட்டுட்டோம்." நான் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரு. கேக்காதது என் தப்பு. அன்னையில இருந்து யாரு வந்தாலும் "டிராயர்ல தூக்கிப் போட்டது என்னென்ன இருக்கு"ன்னு கேட்டுட்டு தான் பேனாவையே எடுக்கறேன்.

கைடுகளுக்கு ஒரு வார்த்தை. பேப்பர்ல பேர் போடற வழக்கம் வேற, பேடண்ட்ல கண்டுபிடிச்சவர்னு பேர் போடறது வேற. லேப் உங்களோடது, ஃபண்ட் வாங்கிக் கொடுத்தது நீங்க, எல்லாம் சரி, ஆனா அந்த யோசனையில உங்க பங்கு இருந்தா தான் பேர் வரணும். அதே மாதிரி யோசனை கொடுத்த மாணவி பாதியில வேற இடம் போயிட்டாங்கன்னு அவங்க பேரை விடவும் கூடாது. பல நாடுகள்ல இந்தப் பேர் தப்பா இருந்தா பேடண்ட்டே செல்லாமப் போகலாம். என் டேபிள்ல ஒரு கைடும் மாணவியும் எதிரெதிரா உக்காந்து, யாரு அந்த வரைபடத்தை முதல்ல போட்டதுன்னு நான் கேட்டப்போ அந்தப் பொண்ணு தரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கைடு தான் கொஞ்ச நேரம் கழிச்சு "இவ தான் சார்"னாரு. அவர் மேல எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்ல.

எல்லாத்துக்கும் பேடண்ட் போடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். வர்றவங்கள்ல நிறைய பேர்கிட்ட வேணாம்னு சொல்லி பேப்பராவே வெளியிடச் சொல்லியிருக்கேன், ஏன்னா செலவு தான் ஆகும், பயன் கம்மி. வால்வோ கார் கம்பெனி 1959-ல வந்த மூணு முனை சீட் பெல்ட்டோட பேடண்ட்டை மத்த கார் கம்பெனிகளுக்கும் திறந்து விட்டுச்சு, அதுவும் ஒரு வழி தான். பேடண்ட் கையில இருந்தாலும் அது பொதுவா விண்ணப்பத்துல இருந்து இருபது வருஷம் தான், அப்புறம் எல்லாருக்கும் சொந்தம். எப்படி செஞ்சீங்கன்னு முழுசா ஊருக்குச் சொல்லணும், அதுக்குப் பதிலா அந்தக் கொஞ்ச காலம். இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்கு நியாயமாப் படுது, அதனால தான் இத்தனை வருஷமா இதுல இருக்கேன். திறந்து விடறதா, பூட்டி வெக்கறதா, ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கறதா, உங்க யுனிவர்சிட்டி விதிக்கு உட்பட்டு முடிவு பண்ற இடத்துல நீங்க இருக்கணும். அந்தத் தம்பிக்கு அந்த இடமே இல்லாமப் போச்சு.

அடுத்த மாசம் உங்கள்ல சிலருக்கு அப்ஸ்ட்ராக்ட் கடைசித் தேதி இருக்கும். அனுப்பற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டி ஐபி ஆபீஸுக்கோ எங்களை மாதிரி ஒரு ஆளுக்கோ அந்த ஒரு பக்கத்தை அனுப்பி, இதுல புதுசா ஏதாவது வெளிய போகுதான்னு மட்டும் கேளுங்க. ராத்திரி பதினொரு மணின்னாலும் பரவாயில்ல, நான் முழிச்சுக்கிட்டு தான் இருப்பேன், யாரோ ஒருத்தரோட பன்னெண்டாவது மாசக் கடைசி நாள் எப்பவும் என் காலண்டர்ல இருக்கும்.

அன்புடன்,
ஒரு ஐபி வக்கீல்