மின்தடை அறிவிப்பில் இன்னொரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பை விடாமல் படிப்பவன் நான். 'பராமரிப்புப் பணி, காலை 9 முதல் பிற்பகல் 2 வரை' என்று தெருப் பெயர்களோடு போடுகிறீர்கள். அந்த 5 மணி நேரத்தில் என்ன வேலை நடந்தது என்பது மட்டும் வருவதில்லை.

33 கே.வி. துணை மின்நிலையங்களில் ஷிஃப்ட் பார்த்தே ஓய்வு பெற்றவன். வடசென்னையில் எங்களை அதிகம் படுத்தியது மழை இல்லை, பனி. கம்பியைத் தாங்கி, கரண்ட் இரும்புச் சட்டத்துக்கு இறங்காமல் தடுப்பது இன்சுலேட்டர் பீங்கான். மழை பெய்தால் அதைக் கழுவிவிட்டுப் போகும். மழை நின்றதும் கடல் உப்பும் நிலக்கரித் தூசும் சாம்பலும் அதில் படியும். காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. தை மாத விடிகாலைப் பனியில் ஊறிவிட்டால் அந்தப் படிவின் மேலேயே கரண்ட் கசியும். முதலில் சரசரவென்று சத்தம், இருட்டில் ஊதா வெளிச்சம், அப்புறம் ஒரு வெடி. ஃபீடர் டிரிப், அதாவது தெருக்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன் தானாகவே துண்டித்துக்கொள்ளும். நாங்கள் போய், கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைக்கும்போது வெயில் ஏறிப் பீங்கான் காய்ந்திருக்கும், ஒன்றும் காட்டாது. மறுபடி லைனில் கரண்ட் விடுவோம். மறுநாள் விடிகாலை அதே கதை.

இதற்கு வைத்தியம், லைனை நிறுத்தி வேலை செய்ய எல்.சி. (லைன் கிளியர்) அனுமதி வாங்கி, தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போக எர்த் ராடு மாட்டி, துணியால் ஒவ்வொரு தட்டாகத் துடைப்பது. தோள் கழன்றுவிடும். நேரம் போதாவிட்டால் முதலில் விட்டுப்போவதும் அந்த வேலைதான்.

போன தை மாதம் பராமரிப்பு நாளன்று, மூன்று மணி வாக்கில் எங்கள் பகுதி ஸ்டேஷன் வேலி ஓரம் நின்று பார்த்தேன். பீங்கான் சாம்பல் பூத்தபடியே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச பிரீதர் என்ற குப்பியில் வைக்கும், நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் ரோஸ் நிறம். ஈரத்தை இனிமேல் அது பிடிக்காது, ஈரம் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குள் போய்ச் சேரும். ஜெல்லை வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். இரும்புச் சட்டியில் நாங்களே வறுத்திருக்கிறோம். மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்குக் கரண்ட் போனது.

அங்கே வேலை பார்த்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நான் பார்த்தபோது உள்ளே மூன்றே பேர். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: மறுநாள் இதழில் 'இன்சுலேட்டர் துடைத்தாயிற்று, சிலிக்கா ஜெல் மாற்றியாயிற்று' என்று ஒரு வரி, மின்வாரியத்திடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். செய்யாமல் விட்டதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்,
திருவொற்றியூர்.