சனசமூக நிலையம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும், வந்திருக்கிற அங்கத்தவர்களுக்கும், இதை வட்ஸ்அப்பில் வாசிக்கப்போகிற வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழமையானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலைக்குப் பத்திரிகை தடையில்லாமல் வந்தது. வாணிவிழா மழைக்குள்ளும் நடந்தது. முன்பள்ளிக் கூரை ஒழுக்கு அடைத்தாயிற்று. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடம் சனம் நிறைந்து வந்தது விசா பற்றிய மாலைக் கூட்டங்களுக்குத்தான். "பிள்ளைக்கு விசா கிடைச்சிட்டுது" என்று ஊர் முழுக்கச் சொல்வோம், எந்த வகை என்று கேட்டால் பெற்றோருக்கே தெரியாது. கலியாணம் பேசுவது, காணி எழுதுவது, அம்மாவைக் கூப்பிடுவது எல்லாம் அந்த வகையைப் பொறுத்தது.

கனடாவைப் பற்றித்தான் கேள்வி கூட. விசிட்டர் விசாவில் போனவர் வழமையாக ஆறு மாதம் நிற்கலாம், அனுமதியில்லாமல் வேலை செய்ய முடியாது. விசிட்டராகப் போய் அங்கேயே நின்று வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க விட்டிருந்த தற்காலிக ஏற்பாடு 2024 ஓகஸ்ட் 28உடன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதைச் சொல்லியே காசு வாங்கிய ஏஜென்சிக்காரர் உண்டு, பெயர் சொல்லவில்லை, காசு கொடுத்தவர்களுக்குத் தெரியும். அகதிக் கோரிக்கை வைத்தவர் வேலை அனுமதி எடுக்கலாம், ஆனால் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, விண்ணப்பிக்கும்போது மனைவி பிள்ளைகளையும் சேர்க்கலாம். பி.ஆர். உள்ளவருக்கு வேலை, படிப்பு, மருத்துவம் எல்லாம் உண்டு, வாக்கும் கனடியன் பாஸ்போட்டும் இல்லை, அத்தோடு ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பி.ஆர். அட்டையின் திகதி முடிந்துவிட்டால் பி.ஆரே போய்விட்டது என்று ஒரு அக்கா அழுதுகொண்டு வந்தா. அப்படி இல்லை, அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். எடுத்த பிள்ளை, சிற்றிசன் ஆவதற்கு முன் இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போனால், இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று கனடா அரசு விண்ணப்பம் போடலாம். அதில் பிள்ளை தோற்றால், 2012 டிசம்பர் முதல் உள்ள சட்டப்படி, அகதி நிலையோடு சேர்த்து பி.ஆரும் போகும். குடும்ப ஸ்பொன்சரில் போய் பி.ஆர். எடுத்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ ராசா" என்று போனில் அழுவதற்கு முதல், பிள்ளை எந்த வழியாலே பி.ஆர். எடுத்தது என்று கேளுங்கள், பிள்ளை அங்கே ஒரு லோயரிடம் கேட்கட்டும்.

சுவிஸில் எஃப் விசா என்றால் அகதியாக ஏற்றதாக அர்த்தமில்லை என்பதுதான் பலருக்கு அதிர்ச்சி. திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். பி விசாவைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், சி தான் நிரந்தரம். பிரான்ஸில் அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பத்து வருடக் காட் கிடைக்கும். லண்டனுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களின் விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. 2024 மார்ச் 11க்குப் பிறகு புதிதாக அந்த விசா எடுத்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இனி யாராவது அந்த வேலைக்கென்று காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் காணி. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவுடன் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும், பழைய அடையாள அட்டை பேர்ஸில் இருந்தாலும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காவிட்டால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் வெளிநாட்டவர், இங்கே காணி வாங்கி உறுதி முடிக்க முடியாது. பெற்றோரிடமிருந்து முதுசமாக வருவதற்கு விலக்கு உண்டு. பி.ஆர். மட்டும் உள்ளவர் இன்னும் இலங்கைப் பிரஜைதான், வாங்கலாம். சிற்றிசனாகிவிட்ட அண்ணனின் பெயரில் எழுத வெளிக்கிட்ட ஒரு வீட்டுக்காரருக்கு நொத்தாரிசு இதைச் சொல்லி, எழுதாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். நல்ல நொத்தாரிசு.

இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமைப் பதிவு இன்னும் பாக்கி கிடக்கிறது. பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்திருக்க வேண்டியது, பிந்தினாலும் செய்யலாம். பதிவு முடிந்தால்தான் பாஸ்போட் பேச்சு. யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, 2025 செப்டெம்பரில் பாஸ்போட் அலுவலகம் திறந்துவிட்டார்கள், அதற்காக வவுனியாவுக்கு ஓடுகிற வேலையாவது இனி இல்லை. அடுத்த வருடத்தின் முதல் வேலை இந்தப் பதிவுதான். இந்தியப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியும் பெற்றோரின் பிறப்புப் பதிவும் வேண்டும், தேடி எடுத்து வையுங்கள்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே பொருளாளரைச் சந்திக்கவும்.